பசுவந்தனைச் சாலையில் இரண்டாவது டேங்கர்

மண்தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்க எங்கே போகலாம் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் சிலர் கேட்டிருந்தார்கள். கோவில்பட்டிக்குப் போங்கள் என்று பதில் எழுதிவிட்டு, புரட்டாசியில் நானும் போய்வந்தேன். சீசனின் கடைசிப் பந்தயம் அது. ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்காக முப்பது வருடம் மைதானங்களில் உட்கார்ந்தவன் நான். தடத்தைவிட வானத்தை அதிகம் பார்த்த பந்தயம் எனக்கு இது ஒன்றுதான்.

இந்தப் பந்தயம் இந்த ஊருக்கு வந்த கதை சுருக்கமானது. கோவில்பட்டியில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஜாபர் பாய் பத்து வருடம் இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். அவர் தங்கியிருந்த ஊரின் அணி அங்கே இரண்டாம் நிலை லீக்கில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பெயர் கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. வாரம் ஒரு நாள் மாலை, ஊர்க்காரர்கள் கம்பளிக் குல்லாயோடு வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஊர் திரும்பிய ஜாபர் பாய் அதே மாதிரி ஒன்றை இங்கே தொடங்கினார். எட்டு ஊர் அணிகள். பங்குனியில் ஆரம்பித்துப் புரட்டாசியில் முடியும். இங்கிலாந்திலும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான் என்பார். அங்கே குளிர் வந்தால் நிறுத்துவார்கள், இங்கே விதைப்பு வந்தால்.

விதிகள் எளியவை. முட்டை வடிவத் தடம். நான்கு பேர், நான்கு சுற்று, இடப்பக்கமாக மட்டுமே திரும்ப வேண்டும். வண்டிக்கு ஒரே கியர், பிரேக் கிடையாது. திருப்பத்தில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு மாட்டிய இடது காலைத் தரையில் உரசியபடி திரும்புவார்கள். முதலில் வருபவருக்கு மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். ஒரு பந்தயத்துக்குப் பன்னிரண்டு ஓட்டம். ஒவ்வொரு ஓட்டமும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். கண்ணைக் கசக்கினால் முடிந்துவிடும்.

இது இரண்டாம் நிலை லீக். மேல் லீக் கோயம்புத்தூர்ப் பக்கம் நடக்கிறது. அங்கே அணியே வண்டி தரும், சம்பளம் தரும், அடிபட்டால் மருத்துவமும் பார்க்கும். சீசன் முடிவில் கீழ் லீக்கில் மொத்தப் புள்ளியில் முதலாவதாக நிற்பவரை மட்டும் மேலே எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒருவரை. இந்த வருடம் அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஓட்டப்பிடாரம் அணியின் சங்கர் தன் பந்தயங்களையெல்லாம் முடித்துவிட்டுக் காத்திருந்தார். கோவில்பட்டி அணியின் பொன்ராஜுக்குக் கடைசிப் பந்தயம் பாக்கி. அதில் அவருக்கு நான்கு ஓட்டம். நான்கிலும் சேர்த்துப் பத்துப் புள்ளி எடுத்தால் பொன்ராஜ் மேலே போவார். ஒன்பதோடு நின்றால்கூட சங்கர்தான்.

பொன்ராஜுக்கு முப்பத்தொரு வயது, லேத் பட்டறையில் வேலை. அடுத்த வருடம் இந்த வேகம் இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. இருக்காது என்றுதான் ஆடி மாதம் ஓட்டப்பிடாரத்தில் என்னிடம் சொன்னார். அன்று அங்கே ஆடிக்காற்று. முன்னால் போகிறவரின் சக்கரம் கிளப்பிய புழுதியில் பொன்ராஜ் திருப்பம் தெரியாமல் வைக்கோல் கட்டில் போய் மோதினார். அந்த ஓட்டத்தில் பூஜ்யம். அதற்குப் பிறகு அவருக்குப் புழுதி என்றால் ஒரு பீதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தது எல்லாம் இதிலிருந்துதான்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறு பத்துக்குத் திருநெல்வேலி பஸ் ஏறினேன். கோவில்பட்டிக்கு நூறு கிலோமீட்டர், கட்டணம் நூற்றுப்பத்து ரூபாய். ஊருக்குள் போகுமா என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். பல வண்டிகள் புறவழிச்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும், பிறகு ஆட்டோவுக்கு எழுபது ரூபாய் தனியாக அழ வேண்டும். எட்டரைக்கு இறங்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லியும் வடையும் சாப்பிட்டேன், அறுபது ரூபாய்.

பந்தயத் தடம் பசுவந்தனை போகும் சாலையில், அந்த ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், பதினேழாவது கிலோமீட்டரில் இருந்தது. டவுன் பஸ்ஸும் உண்டு, இருபத்திரண்டு ரூபாய், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நம்ப முடியாது. ஆட்டோவுக்கு நானூற்றைம்பது கேட்டார்கள், நானூறுக்கு இறங்கினார்கள். ஓட்டுநருடைய மனைவி தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்குகிறார். வெயில் இருந்தால்தான் குச்சி காயும், குச்சி காய்ந்தால்தான் வேலை. ஓட்டுநரின் அண்ணனுக்கு ஐந்து ஏக்கர் மானாவாரி. வண்டியை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“எங்க வீட்டுல ரெண்டு கட்சி அண்ணாச்சி. ஒரு கட்சி வெயில் கேக்கும், ஒரு கட்சி மத்தத கேக்கும். நான் ரெண்டு பக்கமும் தலைய ஆட்டிட்டு வண்டிய எடுத்துட்டு வந்திருவேன்.”

“மத்தது” என்று ஏன் சுற்றி வளைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. வைகாசியில் கயத்தாறு பந்தயத்திலேயே அது எனக்குத் தெரிந்திருந்தது. பந்தய நாளில், தடத்தைச் சுற்றி நிற்கும் யாரும் மழை என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்கள். வரக்கூடாது என்று சொன்னால் மானாவாரி விவசாயிக்குப் பாவம், வருகிறது என்று சொன்னால் ஓட்டுகிறவனுக்கு அபசகுனம். கூட்டத்தில் பாதிப் பேர் இரண்டுமாக இருக்கிறார்கள். ஆகவே சொல்லாமலே விட்டுவிட்டார்கள். தவிர்க்க முடியாதபோது, வீட்டுக்கு வரும் சம்பந்தியைச் சொல்வது மாதிரி, அவர் என்று பொருள்பட, “அவிய” என்பார்கள்.

வழி முழுவதும் இருபுறமும் உழுது போட்ட கரிசல். கட்டி கட்டியாக, வெடிப்பு விட்டு, ஒரு பச்சை இல்லாமல் கிடந்தது. விதை வாங்கி வைத்துவிட்டு எல்லோரும் காத்திருக்கும் வாரம் அது. வானம் வெளுத்துப்போய் இருந்தது. மேகம் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி வந்ததும், அந்த நிலங்களைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

தடம் போட்டிருந்த நான்கு ஏக்கர் பொன்ராஜின் மனைவி செண்பகத்துடையது. அவர் அப்பா வழியில் வந்த நிலம், அவரே பயிர் செய்கிறார். போன வருடம் வரை பந்தயம் நடந்த பொட்டல் பிளாட் போட்டு விற்றுப்போனதால், ஜாபர் பாய் இந்தப் பங்குனியில் செண்பகத்திடம் வந்து கேட்டிருக்கிறார். செண்பகம் இரண்டு நிபந்தனை போட்டார். ஒரு கூடைச் சரளைகூட என் மண்ணில் கொட்டக்கூடாது. விதைப்புக்கு ஈரம் இறங்கிய அன்றைக்கு, பந்தயம் பாதியில் நின்றாலும் சரி, டிராக்டர் இறங்கும். ஆகவே இது முழுக்கக் கரிசலிலேயே உருட்டிய தடம். மற்ற ஊர்களில் சரளை கலந்திருப்பார்கள்.

இந்த லீக்கில் இன்னொரு வழக்கம் உண்டு. ஈரமான தடத்தில் ஓடலாமா கூடாதா என்பதை நடுவர் சொல்வதில்லை, நிலத்துக்காரர் சொல்வார். முதல் வருடம் ஒரு பந்தயம் இந்தத் தகராறில் அடிதடி வரை போனதால் எட்டு ஊரும் கூடிச் செய்த முடிவு. நிலத்துக்காரர் இரண்டு விரல் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து, உருண்டையாகப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து போடுவார். உடைந்தால் ஓடலாம். உடையாவிட்டால் நிறுத்தம், அதுவரை ஓடிய ஓட்டங்களின் புள்ளி மட்டும் கணக்கு. சொன்ன சொல்லை மாற்றக்கூடாது.

வீட்டுக்காரர் ஓட்டும் பந்தயத்தில் பெண்டாட்டி மண் பார்ப்பதா என்று எதிரணியான கயத்தாறுக்காரர்கள் முந்தின வாரமே ஆட்சேபித்திருக்கிறார்கள். செண்பகம் அவர்களிடம் சொன்ன பதிலை ஜாபர் பாய் எனக்குச் சிரிக்காமல் ஒப்பித்தார்: “எங்க வீட்டு ஆளு போனா வேற வண்டி ஏறி வந்திருவாவ. மண்ணு போனா நான் எங்க போவேன்? நீங்க கவலப்படாம ஓட்டுங்க.”

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். ஒரு டேங்கர் லாரி தடத்தைச் சுற்றித் தண்ணீர் விட்டுவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. புழுதி அடங்க இது எல்லாப் பந்தயத்திலும் நடப்பதுதான். பொன்ராஜ் தடத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தட்டியபோது கொஞ்சம் தூசி பறந்தது. அந்தத் தூசியை அவர் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பதினொன்றரைக்குத் தென்மேற்கே, கயத்தாறு பக்கம், அடிவானத்தில் ஒரு மேகம் ஏறியது. சின்ன மேகம். ஓரம் வெள்ளையாக, அடிப்பகுதி ஈயப் பாத்திரத்தின் நிறத்தில். எல்லோரும் பார்த்தார்கள். வண்டிகளுக்கு எண்ணெய் விட்டவர்கள் தொடர்ந்து விட்டார்கள். ஒருவர் மட்டும் தான் காயப்போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது டேங்கர் வந்தது. ஜாபர் பாய் குழம்பிப்போய் யார் சொன்னது என்று கேட்டார். நான்தான் சொன்னேன் என்றார் பொன்ராஜ். நாலாவது ஓட்டத்துக்குள் தடம் காய்ந்து புழுதி கிளம்பிவிடும், ஓட்டப்பிடாரம் மாதிரி ஆகிவிடும் என்பது அவர் வாதம். வாதம் தப்பில்லை. மேகம் இல்லாத ஒரு நாளுக்கு அது சரியான வாதம்.

நிலத்தின் மேட்டில் டிராக்டரில் கலப்பையைப் பூட்டிக்கொண்டிருந்த செண்பகம் இறங்கி வந்தார்.

“போதும். திருப்பி அனுப்புங்க.”

“ஏன்?” என்றார் பொன்ராஜ்.

செண்பகம் தென்மேற்கே பார்த்தார். பொன்ராஜ் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“ஏன்னு சொல்லு. காரணம் இருந்தா சொல்லு, அனுப்பிருதேன்.”

“போதும்னா போதும்தான். வேற என்னத்தச் சொல்ல.”

“புழுதியில கண்ணவிஞ்சு ஓட்டுறவன் நானு. நீயா ஓட்டுத?”

சுற்றி நின்ற பதினைந்து பேருக்கும் காரணம் தெரியும். ஜாபர் பாய்க்குத் தெரியும். எனக்கே தெரிந்தது. அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு காரணமும் இல்லை. யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளியூர்க்காரன் நான் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த இடத்தில் நின்று பார்த்தால் தெரியும், அது நடக்காது. டேங்கர் ஒரு சுற்று முழுவதும் தண்ணீர் விட்டது. ஓட்டுநர் கூடுதல் தாராளமாக இரண்டாவது திருப்பத்தில் வண்டியைச் சற்று நிறுத்தியே விட்டார்.

இரண்டு மணிக்கு முறைப்படி மண் பார்த்தார்கள். நடுவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அவர் கூடவே வர, செண்பகம் நான்கு இடத்தில் மண் எடுத்துப் பிடித்துப் போட்டார். நான்கும் உடைந்தன. ஆனால் இரண்டாவது திருப்பத்தில் எடுத்தது தூளாகப் போகாமல் மூன்று துண்டாகத்தான் உடைந்தது. செண்பகம் அந்தத் துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, ஓடலாம் என்றார். மேகம் அப்போது கயத்தாறுக்கு மேலே ஒரு கை அகலம் வளர்ந்திருந்தது.

மூன்று மணிக்குப் பந்தயம் ஆரம்பித்தது. நுழைவு ஐம்பது ரூபாய், கூட்டம் எழுநூறு பேர் இருக்கலாம். நான் வரப்பில் நின்றேன். என்னிடமிருந்து பத்தடி தள்ளி ஓட்டப்பிடாரம் சங்கர் நின்றார். யாரோ இடம் கொடுத்தும் உட்காரவில்லை. கையைக் கட்டியபடி, யார் பேச்சுக் கொடுத்தாலும் “ஆமா, ஆமா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஓட்டம் பொன்ராஜின் முதல் ஓட்டம். சிவப்புத் தலைக்கவசம். கிளம்பும் இடத்தில் குறுக்கே கட்டிய நாடா மேலே ஏறியதும் முதல் திருப்பத்தை உட்பக்கமாகப் பிடித்தார், பிறகு யாரையும் விடவில்லை. மூன்று புள்ளி. புழுதி துளியும் இல்லை. அந்த வகையில் இரண்டாவது டேங்கர் நன்றாகத்தான் வேலை செய்தது. ஐந்தாவது ஓட்டத்தில் கிளம்பும்போது பின்சக்கரம் ஒரு கணம் வழுக்கி, கயத்தாறு அணித்தலைவர் முந்தினார். பொன்ராஜுக்கு இரண்டு. மொத்தம் ஐந்து. எட்டாவது ஓட்டத்தில் அதே ஆளைக் கடைசித் திருப்பத்தில் வெளிப்பக்கமாகச் சுற்றிக் கடந்தார். கூட்டம் விசிலடித்தது. மொத்தம் எட்டு. இனி பன்னிரண்டாவது ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தால் போதும். நான் திரும்பிப் பார்த்தேன். சங்கர் கட்டிய கையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது ஓட்டம் முடிந்தபோது காற்று நின்றது. வெயில் போய் நிறம் மாறியது. கரிசல் இன்னும் கறுத்தது. மேட்டில் நின்ற கிழவர் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் துளி என் கைக்கடிகாரத்தில் விழுந்தது. நாலு பத்து.

சடசடவென்று இல்லை. தூறல்தான். பத்தாவது ஓட்டத்துக்கு நான்கு வண்டிகளும் வந்து நின்றுவிட்டன. அதில் பொன்ராஜ் இல்லை. கயத்தாறு அணித்தலைவர் வண்டியை விட்டு இறங்கி நடுவரிடம் மண் பார்க்கச் சொன்னார். அது அவருடைய உரிமை. வைகாசியில் கயத்தாறில் இப்படி ஒரு தூறலில் அவர்கள் அணிப் பையன் ஒருவன் ஓடி, தொடை எலும்பு முறிந்து இன்னும் ஊன்றுகோலில் நடக்கிறான். ஈரக் கரிசல் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, வண்டியை நட்டநடுவில் நிறுத்திவிடும். பிரேக் இல்லாத மூன்று வண்டிகள் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

செண்பகம் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தார். நேராக இரண்டாவது திருப்பத்துக்குப் போய்க் குனிந்து மண் எடுத்தார். பிடித்தார். போட்டார். தரையில் விழுந்த உருண்டை ஒரு பக்கம் சப்பையாகி அப்படியே இருந்தது. அடுத்த இடம். அதுவும் அப்படியே.

பொன்ராஜ் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“உள்பக்கமா எடுத்துப் பாரு. உள்பக்கம் காஞ்சிருக்கு.”

செண்பகம் உள் ஓரத்துக்குப் போய் எடுத்தார். டேங்கர் தண்ணீர் அந்த ஓரத்தைத் தொட்டிருக்கவில்லை. பிடித்துப் போட்டார். உடைந்தது. தூளாகவே உடைந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பொன்ராஜ் நிமிர்ந்தார்.

“பாத்தியா? நான் உள்ளயே ஓட்டிருதேன்.”

“நாலு பேரும் உள்ளயேவா ஓட்டுவிய?”

செண்பகம் நடுவரைப் பார்த்து, “உருண்டை பிடிக்கி. ஓடக்கூடாது” என்றார். சொல்லிவிட்டுக் கையில் ஒட்டிய மண்ணைச் சேலையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நடுவர் கறுப்புக் கொடியைக் காட்டினார். ஒன்பது ஓட்டங்களின் புள்ளிப்படி கோவில்பட்டி அணி ஜெயித்தது. பொன்ராஜ் எட்டுப் புள்ளியோடு நின்றுவிட்டார். யாரும் கை தட்டவில்லை.

பத்தே நிமிடம். தூறல் நின்றுவிட்டது. நாலு முப்பதுக்கு வெயிலே அடித்தது. மேகம் தன் பாட்டுக்குக் கிழக்கே விளாத்திகுளம் பக்கம் நகர்ந்தது. பந்தயத்துக்கும் உதவாமல், விதைப்புக்கும் உதவாமல், வந்து நனைத்துவிட்டுப் போனது. கூட்டத்தில் பேச்சு ஆரம்பித்தது. கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றார்கள். பெண்டாட்டி கையாலேயே கெட்டான் என்று ஒருவர் சொன்னது செண்பகத்தின் காதில் விழும் தூரத்தில்தான்.

கயத்தாறு அணித்தலைவர் கண்ணியமான மனிதர். ஒரு மணி நேரம் பொறுத்தால் தடம் காயும், நாங்கள் காத்திருக்கிறோம், ஓடிப் பார்க்கலாமா என்று நடுவரிடம் போய்க் கேட்டார். நடுவர் பொன்ராஜைப் பார்த்தார். சங்கரும் பார்த்தார். பொன்ராஜ் இடது பூட்ஸிலிருந்து இரும்புத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அவ சொன்னது சொன்னதுதான் சார். மாத்துனா அடுத்த வருசம் ஒருத்தனும் மண்ணு பாக்க வர மாட்டான்.”

சங்கர் வந்து கை கொடுத்தார். வண்டி நல்லாப் போச்சு அண்ணே என்றார். பொன்ராஜ், கோயம்புத்தூர்ல குளிரும், பாத்துக்கோ என்றார். அவ்வளவுதான் பேசினார்கள்.

அன்றிரவு கோவில்பட்டியில் தங்கினேன். இரயில் நிலையத்துக்குப் பக்கத்து விடுதி, எண்ணூறு ரூபாய், வெந்நீர் உண்டு என்பார்கள், இல்லை. காலையில் ஏழரை பஸ்ஸில் திரும்பவும் நிலத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், முந்தின நாள் செண்பகத்திடம் ஒரு கேள்வி கேட்காமல் விட்டிருந்தேன்.

பொன்ராஜ் தடத்தைச் சுற்றி அடுக்கிய டயர்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார். செண்பகம் தடத்துக்கு வெளியே மண்வெட்டியால் ஒரு குழி வெட்டி, ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரலை வைத்து அளந்தார். ஒரு விரல்தான். ஒரு சாண் இறங்கினால்தான் விதைக்க முடியும். டிராக்டர் மேட்டிலேயே நின்றது.

டேங்கர் வந்தபோது நேரடியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“சொல்லிருந்தா நின்னுருப்பாவ அண்ணாச்சி” என்றார் செண்பகம். “அந்தத் தண்ணி இல்லாம இருந்தா நேத்துத் தூறலுக்கு உருண்டை பிடிச்சே இருக்காது. வெடிப்புக்குள்ள போயிருக்கும். எனக்கு அப்பமே தெரியும். ஆனா எப்படிச் சொல்ல? வரும்னு சொன்னா வண்டி ஓட்டுதவியளுக்கு ஆகாது. வரட்டும்னு நான் ஒரு மாசமா விளக்கேத்திட்டு இருக்கேன், என் வாயால வந்திருமோன்னு எப்படிச் சொல்லுவேன்?”

பொன்ராஜ் ஒரு டயரை உருட்டியபடி எங்களைக் கடந்து போனார். எல்லாம் கேட்டிருக்கும். “நான்தான ஊத்தச் சொன்னேன்” என்றார், நிற்காமல்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பங்குனி, சித்திரையில் போவது நல்லது, தடம் புதிதாக இருக்கும், வெயிலைத் தாங்க வேண்டும். ஆடியில் போனால் கண்ணுக்குக் கண்ணாடியும் வாய்க்குத் துணியும் வேண்டும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், தடத்தில் கிடைப்பது சோடாவும் வெள்ளரிக்காயும்தான். பழைய செருப்பு போடுங்கள். ஈரக் கரிசல் ஒட்டினால் ஒரு செருப்பு ஒரு கிலோ கனக்கும், வாரைப் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டாவது திருப்பத்துக்கு வெளியே நிற்காதீர்கள், வண்டிகள் வந்து விழும் இடம் அதுதான். திரும்புவதற்கு ஆட்டோக்காரரின் கைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நிலை லீக்தானே என்று நினைத்துப் போகாதீர்கள். மேல் லீக்கில் ஓடுகிறவர்களுக்கு அடுத்த வருடமும் வண்டி இருக்கும். இவர்கள் அது தெரியாமல் ஓடுகிறார்கள், ஆகவே ஒவ்வொரு ஓட்டமும் வேறு மாதிரி இருக்கும்.

அடுத்த பங்குனியில் இதே இடத்தில் தடம் இருக்குமா என்று மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஐப்பசி பிறந்து ஆறாம் நாள் நல்ல மழை பெய்து, நான்கு ஏக்கரிலும் உளுந்து விதைத்துவிட்டார்கள் என்று ஜாபர் பாய் தொலைபேசியில் சொன்னார். சங்கர் கோயம்புத்தூர் போய்விட்டார். பத்து நாள் கழித்துச் செண்பகத்தை அழைத்தேன். நிலம் முழுக்க முளைத்துவிட்டதாம். வண்டி ஓடிய வட்டத்தில் மட்டும் முளைக்கவில்லை. ஆறு மாதம் உருட்டி இறுகிப்போன மண், இரண்டு சால் உழுதும் கட்டி உடையவில்லை. பட்டறை விட்டு வந்ததும் பொன்ராஜ் தினமும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அந்த வட்டத்தில் உட்கார்ந்து கொத்திவிட்டு, மறு விதை ஊன்றுகிறாராம்.

“இன்னும் ஒரு வருசம் ஓட்டிப் பாக்குதேன்னு சொல்லுதாவ” என்றார் செண்பகம். “முதல்ல இத மொளைக்க வைங்க, அப்புறம் நெலத்தக் கேளுங்கன்னு சொல்லிருக்கேன்.”

நேற்று மாலை மறுபடியும் கேட்டேன். நேர்ப்பகுதி இரண்டும் முளைத்துவிட்டன. முதல் திருப்பத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டுகிறது. இரண்டாவது திருப்பத்தில் இன்னும் ஒன்றும் வரவில்லை.